பழைய போட்டோ வாங்கிப் போலீஸ் ஸ்டேஷன் வரை போன கதை

பழைய ஸ்டுடியோ படங்களைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் நம் பக்கத்தில் இப்போது கொஞ்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். வேலூர், வாலாஜா, ஆரணி என்று எங்கே பழைய வீடு இடித்தாலும் தரகர்கள் வந்து நிற்கிறார்கள். தேக்குத் தூண், கதவு, பித்தளை அண்டா எல்லாம் விலை போன பிறகு கடைசியாக மிஞ்சுவது போட்டோ ஆல்பம்தான். அப்படி வந்த ஒரு ஆல்பத்தில் எனக்கு நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் போனது. அதோடு பல மாத நிம்மதியும் போனது. கூட நின்று யோசனை சொல்ல ஆளில்லை. வீட்டில் சொன்னால் ‘உனக்கு எதுக்கு இந்த வேலை’ என்பார்கள் என்று அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. இதில் இறங்குகிற அடுத்தவருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் குடியாத்தத்தில் ஒரு கைத்தறி கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். வேலைக்குப் போன நாளெல்லாம் துணியைப் பார்த்தே பழகிய கண். போட்டோவிலும் முகத்துக்கு முன்னால் புடவைக் கரைதான் என் கண்ணில் படும். கரையைப் பார்க்க ஆரம்பித்துத்தான் பழைய படங்களின் மேல் பித்து வந்தது.

ஆல்பத்தைக் கொண்டுவந்த தரகர் நன்றாகப் பேசுவார். தோல் அட்டை, பித்தளைக் கொக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் படத்தைச் செருக ஜன்னல் வெட்டிய கனத்த காகிதம். உள்ளே முப்பது படங்களுக்கு மேல். ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு துண்டுச் சீட்டில் டைப் அடித்து வைத்திருந்தார். ‘வேலூர் கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார், 1885’ (சிரஸ்தார் என்றால் அந்தக் காலத்துத் தலைமை குமாஸ்தா). ‘ஜாகீர் குடும்பத்து இளம் விதவை’. ‘இறந்தவரை நிற்க வைத்து எடுத்த அபூர்வப் படம்’. “ஒண்ணு ஒண்ணா வித்தா இதைவிட ஜாஸ்தி கிடைக்கும்மா, உங்களுக்குன்னு மொத்தமா தர்றேன்” என்றார். ரசீது கேட்டதற்கு, “பழைய சாமானுக்கு யாரும்மா ரசீது தர்றாங்க?” என்று சிரித்தார். பணம் ரொக்கமாகக் கை மாறியது.

கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த விலையில் பாதிக்கு மேல் சீட்டில் இருந்த கதைகளுக்குப் போட்ட விலை. படத்துக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் சிரஸ்தாரை எடுத்துக்கொள்வோம். 1885-ல் வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகர் வேலூர் இல்லை, சித்தூர். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகுதான் கலெக்டர் ஆபீஸ் வேலூருக்கு வந்தது. அந்தச் சீட்டு இந்தக் காலத்து வேலூரை மனசில் வைத்து யாரோ அடித்தது. இதையே திருப்பியும் பாருங்கள். பழைய படத்தின் பின்னால் மையில் ‘சித்தூர்’ என்று எழுதியிருந்தால் அது ஆந்திரக் குடும்பம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம்ம ஊர்க்காரர் உத்தியோகத்துக்கு அங்கே போயிருக்கலாம். இன்னொரு தரகர் ஒரு முறை என்னிடம் 1806 வேலூர் புரட்சியில் சண்டை போட்ட சிப்பாயின் போட்டோ என்று ஒன்றை நீட்டினார். போட்டோ எடுக்கிற முறையையே 1839-ல்தான் உலகத்துக்கு அறிவித்தார்கள். அதைச் சொன்னேன். “அப்போ அவரு பேரனா இருக்கும்மா” என்றார், அசராமல்.

சீட்டை மடித்துத் தூரப் போட்டுவிட்டு அட்டையைப் பாருங்கள். சின்ன அட்டை, அதாவது ஏறக்குறைய இரண்டரைக்கு நாலு அங்குலம் இருந்தால் அது கார்ட் டி விசிட். பாரிஸில் டிஸ்டேரி என்பவர் 1854-ல் காப்புரிமை வாங்கிய அளவு, விசிட்டிங் கார்டு மாதிரி. நாலேகாலுக்கு ஆறரை அங்குலம் இருந்தால் கேபினட் கார்டு. அது 1866 வாக்கில்தான் வந்தது. ஆகவே கேபினட் அட்டையைக் காட்டி 1857 என்று யாராவது சொன்னால் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. பொதுவாக 1860-களின் அட்டை மெலிசாக, மூலை கூராக இருக்கும். போகப் போக அட்டை கனமாகி, மூலை வளைந்து, ஓரத்தில் தங்க முலாம் ஏறும். பின்பக்கமும் அப்படித்தான். முதலில் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் மட்டும். 1880-களுக்கு வந்தால் கொடி, பூ, பதக்கம், தேவதை என்று இடம் விடாமல் அச்சடித்திருப்பார்கள். இது கறாரான விதி இல்லை, பழைய அட்டை மிச்சமிருந்தால் அதைத் தீர்க்கிற வரை ஸ்டுடியோக்காரர் ஒட்டிக்கொண்டேதான் இருப்பார். ஆனாலும் பத்து வருஷம் முன்னே பின்னே என்று சொல்லிவிடலாம்.

என் ஆல்பத்தில் இருந்தவை பெரும்பாலும் மதராஸ் விலாசம். வேலூர்ப் பக்கத்து வீட்டு ஆல்பத்தில் மவுண்ட் ரோடு ஸ்டுடியோ எப்படி வந்தது என்று சந்தேகப்படத் தேவையில்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856 ஜூலையிலேயே ரயில் வந்துவிட்டது. தென்னிந்தியாவில் பயணிகள் போன முதல் ரயில் பாதையே அதுதான். அதே வருஷம்தான் மதராஸில் போட்டோகிராபி சங்கமும் ஆரம்பித்தார்கள். வசதியுள்ளவர்கள் ரயிலேறிப் போய் நிக்கலஸ் மாதிரி ஸ்டுடியோவில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒரு ஸ்டுடியோ எந்த வருஷங்களில் எந்தத் தெருவில் இருந்தது என்று தேட, அந்தக் காலத்து மதராஸ் அசைலம் பிரஸ் அல்மனாக் பெரிய உதவி. வருஷா வருஷம் வந்த விலாசப் புத்தகம் அது. விலாசம் மாறிய வருஷம் கிடைத்தால் படத்தின் வருஷமும் கிட்டத்தட்டக் கிடைத்த மாதிரி.

அடுத்தது காகிதம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்கிற சின்ன பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். அந்தக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமென் காகிதத்தில் போட்டவை. மிக மெல்லிய காகிதம், விட்டால் சுருண்டுகொள்ளும், அதனால்தான் அட்டையில் ஒட்டினார்கள். லூப் வைத்துப் பார்த்தால் படத்துக்குள்ளேயே காகித நார் தெரியும். வெளுத்த இடங்கள் மஞ்சள் பாய்ந்திருக்கும். வரிசையாகப் புள்ளி தெரிந்தால் அது போட்டோ இல்லை, அச்சு மெஷினில் அடித்த படம். பிற்காலத்து ஜெலட்டின் காகிதமாக இருந்தால், சாய்த்துப் பிடிக்கும்போது கருப்பான இடங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு ஓடும். என் ஆல்பத்தில் சில படங்கள் இன்னொரு வகை, பழைய படத்தை வைத்து மறுபடி படம் எடுத்தவை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. படத்தில் குண்டூசி ஓட்டையும் மடிப்பும் தெரியும், ஆனால் விரலால் ஓரத்தைத் தடவினால் வழவழவென்றிருக்கும். ஓட்டை படத்துக்குள் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. குடும்பத்துக்கு அதுவும் பொக்கிஷம்தான். ஆனால் மூலப் படத்தின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

‘இறந்தவர்’ படம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் தரகர்கள் அதிகம் கேட்கிறார்கள். நிற்கிறவரின் செருப்புக்குப் பின்னால் ஒரு இரும்புத் தாங்கியின் அடிப்பாகம் தெரிந்தது. அதைக் காட்டித்தான் பிணத்தை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று சீட்டு அடித்திருந்தார். அது உயிரோடு இருக்கிறவர் தலையை ஆட்டாமல் இருக்க வைத்த தாங்கி. பல விநாடி அசையாமல் நிற்க வேண்டியிருந்த காலம். ஒரு ஆளின் பாரத்தைத் தாங்கும் பலம் அதற்குக் கிடையாது. நம் பக்கத்தில் இறந்தவரை எடுத்த படங்கள் நிஜமாகவே உண்டு. மாலை போட்டு, நாற்காலியில் சாய்த்து, சுற்றிலும் குடும்பம் நிற்கும். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், தாங்கியைத் தேட வேண்டியதில்லை.

இனி அந்த ‘இளம் விதவை’. என்னை ஸ்டேஷன் வரை கொண்டுபோனது அந்த ஒரு படம்தான். இருபத்தைந்து வயது இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் முக்காலி, அதன் மேல் புத்தகம், பின்னால் திரை. புடவை வெள்ளை, கரை கருப்பு. நெற்றியில் ஒன்றும் தெரியவில்லை. தாலி முந்தானைக்குள். யார் பார்த்தாலும் விதவை என்றுதான் சொல்வார்கள். எனக்கு மட்டும் கரை உறுத்தியது. அவ்வளவு அகலமான கரையோடு, அந்தக் காலத்தில், ஒரு விதவைக்கு யார் புடவை வாங்கிக் கொடுத்தார்கள்? அப்புறம் ஒரு நாள் ஜன்னலோரம் வைத்து லூப்பில் காலைப் பார்த்தேன். புடவைக் கொசுவத்துக்கு வெளியே வலது பாதத்தின் நுனி. பெருவிரலுக்கு அடுத்த விரலில் அரிசி முனையளவு ஒரு வெளிச்சம், வளைந்த கோடு. மெட்டி.

மெட்டி போட்டவள் படத்தில் ஏன் விதவை மாதிரி விழுந்தாள் என்று காரணத்தைத் தேடிப் படித்தேன். அப்போது ஃபிலிம் கிடையாது, ரசாயனம் பூசிய கண்ணாடித் தட்டில்தான் படம் பிடிப்பார்கள். 1851-ல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் சொன்ன ஈரக் கண்ணாடித் தட்டு முறையில் எடுத்த படங்களுக்கு நீல ஒளி மட்டும்தான் உறைக்கும். சிவப்பும் மஞ்சளும் அந்தத் தட்டுக்கு இருட்டு மாதிரி. பின்னால் வந்த உலர் தட்டுகளும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தன. 1873-ல் ஃபோகல் என்ற ஜெர்மானியர் தட்டில் சாயம் சேர்த்துப் பச்சை வரை உறைக்க வைத்தார். சிவப்பு ஒழுங்காக விழுகிற தட்டு கடைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில். ஆகவே வெளிர் நீலப் புடவை வெள்ளையாக விழும். அரக்குக் கரை கருப்பாக விழும். மஞ்சள் பூசிய முகம் இருண்டு போகும், அதன் மேல் வைத்த குங்குமம் அந்த இருட்டோடு கலந்து காணாமலே போகும். நம்பாவிட்டால் நீங்களே செய்து பாருங்கள். நான் மஞ்சள் தேய்த்துக் குளித்து, பெரிய பொட்டு வைத்து, செல்போனில் படம் எடுத்து, எடிட் பண்ணுகிற ஆப்பில் சிவப்பையும் பச்சையையும் முழுக்க இறக்கி நீலத்தை மட்டும் விட்டு, அதைக் கருப்பு வெள்ளையாக்கினேன். பொட்டைக் காணோம். என் மகள் பார்த்துவிட்டு, “என்னம்மா கன்றாவி இது, அழிச்சிடு” என்றாள். அந்தப் பெண்ணின் புடவை நிஜத்தில் என்ன நிறம் என்று அந்தப் படத்தால் சொல்ல முடியாது. வெள்ளைதான் என்றும் அதை வைத்துச் சொல்ல முடியாது. நகைக்கும் இதே கதைதான். தங்கம் மங்கி விழும், வெள்ளி மினுக்கும். ‘நகையே இல்லாத ஏழைக் குடும்பம்’ என்று எழுதுவதற்கு முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நான் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்தில் ஒரு கல்லூரியில் பழம்பொருள் கண்காட்சி வைத்தார்கள். ஆல்பத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். மெட்டி விஷயத்தைச் சொல்லி, அந்தப் படத்துக்கு எதுவும் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். அவர்கள் தரகரின் சீட்டை அப்படியே பெரிதாக அச்சடித்து மாட்டிவிட்டார்கள். ‘இளம் விதவை, பத்தொன்பதாம் நூற்றாண்டு’.

மறுநாளே வாலாஜாப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்துவிட்டது. அந்தக் கல்லூரியில் படிக்கிற பேரன் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குச் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண் அவர்கள் வீட்டுப் பூவாடைக்காரி. நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பூவும் பொட்டுமாக, சுமங்கலியாகப் போன பெண்ணைக் குலத்துக்குத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது. வீட்டில் கல்யாணம் என்றால் முதல் படையல் அவளுக்குத்தான். புதுப் புடவை, மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் வைப்பார்கள். அப்படிப்பட்டவளைச் சுவரில் மாட்டி விதவை என்று எழுதியிருந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? வந்தவர்கள் என்னை நிற்க வைத்துக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. ஆல்பம் திருட்டுப் போனது என்று புகாரும் கொடுத்துவிட்டார்கள்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர்., அதாவது புகாரைப் பதிவு செய்து தருகிற ரசீது, போட்டிருந்தார்கள். ஏட்டு கேட்ட முதல் கேள்வி, “ரசீது இருக்காம்மா?” இல்லை. பேங்கில் பணம் போட்டதற்கு ஆதாரம்? ரொக்கம். தரகரின் விலாசம்? செல்போன் நம்பர் மட்டும், அதுவும் ஸ்விட்ச் ஆஃப். ஓய்வூதியம் வாங்குகிற பெண்பிள்ளை திருட்டுச் சாமான் வாங்கியவள் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். ராத்திரி படுத்தால், வக்கீலுக்கு எவ்வளவு ஆகும், பென்ஷனுக்கு ஏதாவது வந்துவிடுமா என்றே மனசு ஓடும். அந்தச் சமயத்தில் எனக்குக் கை கொடுத்தது தரகரோடு வாட்ஸ்அப்பில் பேசியதுதான். அவர் அனுப்பிய படங்கள், விலை, தேதி எல்லாம் அழிக்காமல் இருந்தது. ரொக்கமாகவே வாங்கினாலும், ‘இன்ன படங்கள் இத்தனை, இந்த விலைக்கு, இன்ன ஊர் வீட்டிலிருந்து’ என்று விற்பவருக்கு ஒரு மெசேஜ் போட்டு, அவர் ‘சரி’ என்று பதில் போடுகிற வரை பணத்தைக் கையில் வைத்திருங்கள். சொல்ல மறுக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். பாகப்பிரிவினைக்குப் பிறகு பூர்வீக வீட்டை இடித்தபோது, பங்காளிகளில் ஒருவர் பழைய பீரோவை உள்ளிருந்த சாமானோடு காயலான் கடைக்குப் போட்டிருக்கிறார். மற்றவர்களுக்குத் தெரியாது. திருட்டும் இல்லை, சம்மதமும் இல்லை. புகாரை அவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன.

அந்த வீட்டுப் பெரியம்மாவைப் பார்க்க நானே போனேன். எண்பது தாண்டியவர். அந்தப் படத்துப் பெண் அவருடைய மாமனாரின் பாட்டி. பூஜை அறையில் அதே படம், பெரிதாக்கி, கரித்தூளால் தீற்றிச் சட்டம் போட்டது. அதே நாற்காலி, அதே முக்காலி, புடவை மடிப்புகூட அதே. ஆனால் நெற்றியில் சிவப்பாகப் பொட்டு. கழுத்தில் தாலிச் சரடு வெளியே எடுத்து வரைந்திருக்கிறது. பழைய படத்தைப் பெரிதாக்கும்போது மேலே கையால் வரைவது ஸ்டுடியோக்களில் வழக்கம். கேமரா முழுங்கிய பொட்டை யாரோ ஓவியர் திரும்ப வைத்திருக்கிறார். லூப்பைப் பெரியம்மாவிடம் கொடுத்து மெட்டியைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். “ஏம்மா, இதை அன்னிக்கே அந்தப் பசங்ககிட்ட சொல்லியிருந்தா இவ்வளவு ரகளை ஆகியிருக்குமா?” என்றார். சொன்னேன் பெரியம்மா, கேட்டால்தானே.

ஆல்பத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். வேறு வழியும் இல்லை, மனசும் இல்லை. நடுவில் ஒருவர், வெளிநாட்டில் ஆள் இருக்கிறது, மூன்று மடங்கு விலைக்குத் தள்ளிவிடலாம் என்றார். நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய 1972-ஆம் வருஷத்துச் சட்டம் விடாது. மத்திய அரசின் தொல்லியல் துறையிடம் கேட்டு, பழம்பொருள் இல்லை என்று சான்று வாங்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துக்கொள்ள எழுத்தில் சம்மதம் வாங்கினேன். பெரியம்மா உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பெயர் சொன்னார். ‘சிரஸ்தார்’ உண்மையில் ஜவுளி வியாபாரி. பக்கங்களில் செருகியிருந்த வரிசையைத் தரகர் விலைக்குத் தகுந்தபடி கலைத்திருந்தார். அந்த வரிசை இருந்திருந்தால் பெரியம்மா மறந்த ஏழெட்டுப் பேரையும் கண்டுபிடித்திருக்கலாம், அண்ணன் பக்கத்தில் தம்பி, மாமியார் எதிரில் மருமகள் என்றுதான் வைப்பார்கள். ஆல்பம் கைக்கு வந்தால், படத்தை உருவுவதற்கு முன் பக்கம் பக்கமாக அப்படியே படம் எடுத்துவிடுங்கள்.

ஸ்கேன் விஷயத்திலும் ஒரு அடி பட்டேன். ஒரு கடையில் இரண்டு கார்டுகளைக் கொடுத்திருந்தேன். நல்லது செய்வதாக நினைத்து லேமினேஷன் போட்டுக் கொடுத்தார்கள். சூட்டில் ஒட்டியது ஒட்டியதுதான், பிரிக்க வழியில்லை. இப்போது வீட்டிலேயே சின்ன ஸ்கேனரில் 1200 டிபிஐ வைத்து எடுக்கிறேன். தண்ணீர் தொட்டுத் துடைப்பது, ஃபெவிகால், பிசின் தடவிய ஆல்பம், சாதாரண பிளாஸ்டிக் உறை எதுவும் கூடாது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடே படம் எடுங்கள். பின்னால் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலில், ஓரத்தில். அமிலமில்லாத காகித உறையில் போட்டு, நம்ம ஊர் வெயில் ஏறாத உள்ளறையில் வையுங்கள். குடும்பத்தார் சம்மதித்தால் ஒரு பிரதியை ஆவணக் காப்பகத்துக்கும் கொடுக்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களை பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவியோடு டிஜிட்டலாகச் சேகரித்திருக்கிறது. உங்கள் படத்தில் இருக்கிற அதே திரை, அதே முக்காலி இன்னொரு குடும்பத்தின் படத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட அப்படிப்பட்ட தொகுப்புகள்தான் வழி.

நாற்பத்திரண்டாயிரம் திரும்ப வரவில்லை. அந்தத் தரகரின் நம்பர் இன்றைக்கும் கிடைப்பதில்லை. போன வாரம் வேறொருவர் போன் செய்து, “அம்மா, ஜமீன் ஆல்பம் ஒண்ணு வந்திருக்கு, பார்க்கிறீங்களா?” என்றார். எந்த ஊர், யார் வீடு, அதை எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். சிக்னல் சரியில்லை, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.